கையில் வாங்கிய பாட்டு

எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரே சண்டை. புது வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்க என்ன வைப்பது என்று. மாதச் சந்தா கட்டுகிற ஆப் ஒன்று போதும், கூட ஒரு ஸ்பீக்கர் வாங்கினால் முடிந்தது என்கிறாள் மகள். சேலத்தில் இருக்கும் என் மச்சினன் இசைத்தட்டு ஓடுகிற பெட்டி வாங்கச் சொல்கிறான். அவன் வீட்டில் ஒன்று இருக்கிறது. போனால் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் மாமா என்பான். தட்டில் வருகிற சத்தத்தில் ஒரு கதகதப்பு இருக்கிறதாம். எனக்கு ஒரு கதகதப்பும் தெரியவில்லை. அவன் வீட்டு ஏசியில் குளிர்தான் அடித்தது.

இரண்டு பேர் பேச்சும் எனக்கு எரிச்சலாக வருகிறது. எது தெளிவு, எது வசதி, எதில் எத்தனை பாட்டு என்றே பேசுகிறார்கள். நேற்று பேச்சின் நடுவில் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு பரமத்தி ரோட்டில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். என் பெரியப்பா மகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். பெயர் எதற்கு, அக்கா என்றே சொல்கிறேன். இப்போது ஓமலூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறாள் என்று கேள்வி. பார்த்துப் பல வருடம் ஆகிறது.

"கையில குடு." அவள் வாயில் அதிகம் வந்த வார்த்தை இதுதான். அங்கே வைத்திருக்கிறேன், அப்புறம் தருகிறேன், அவரிடம் கொடுத்துவிட்டேன் என்பதெல்லாம் அவளுக்கு ஆகாது. கொடுப்பதென்றால் அவள் கையில் கொடுக்க வேண்டும். பெரிய பொருளா சின்னப் பொருளா என்பது அவளுக்குக் கணக்கே இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆண்டு விழா. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் பாதியில் கிளம்பிப் போய்விட்டார். மீதிப் பரிசுகளைத் திங்கட்கிழமை வகுப்பில் தருவோம் என்று தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார். மேடையில் வரிசையாக நின்ற பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். இவள் இறங்கவில்லை. பந்தல்காரன் துணியை அவிழ்த்தான். நாற்காலியை அடுக்கினான். இவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏன் சாமி நிக்கற? திங்கக்கெழம தாரேன்னு சொன்னனில்ல?"

"பேரு இன்னிக்குத்தானுங்க சார் கூப்புட்டீங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, கட்டியிருந்த மூட்டையைப் பிரித்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பெரியப்பா பந்தலுக்கு வெளியே நெளிந்துகொண்டு நின்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கோயிலிலும் அப்படித்தான். கூட்டம் அதிகமானால் பூசாரி விபூதித் தட்டைப் படியில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே போய்விடுவார். எல்லோரும் எடுத்து நெற்றியில் இழுத்துக்கொண்டு நகர்வார்கள். அக்கா நகர மாட்டாள். பின்னால் வரிசை நிற்கும். கிழவிகள் திட்டுவார்கள். பூசாரி திரும்ப வந்து அவள் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்ட பிறகுதான் போவாள். அவளோடு கோயிலுக்குப் போவதென்றால் எனக்கு வெறுப்பாக இருக்கும்.

என் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. அப்போது அவளைக் கட்டிக்கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நானும் என் அப்பாவும் மோகனூர்ப் பக்கம் அவர்கள் தோட்டத்துக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, முறையாக மாப்பிள்ளையிடம் பத்திரிகை கொடுத்துவிட்டு வந்தோம். எங்கள் பக்கம் வீட்டு ஆம்பளை கையில்தான் கொடுப்போம். அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அவன் மட்டும் வந்தான். பிறகு நான் அவன் போனுக்குக் கூப்பிட்டு அவளிடம் கத்தினேன்.

"எனக்கு யாரு பத்திரிக்கை குடுத்தீங்க?" என்றாள்.

"மச்சாங்கிட்டக் குடுத்தமே?"

"அவருக்குக் குடுத்தீங்க. அவரு வந்தாரில்ல?"

அது எனக்கு இன்னும் கோபம்தான். ஊர் முறையை நான் உண்டாக்கவில்லை. அக்கா ஒருத்தி நின்று செய்ய வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணை நிறுத்திக் கல்யாணத்தை முடித்தோம். அவள் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இனி பாட்டு விஷயம்.

அவள் கல்யாணத்துக்குச் சீராகக் கட்டில், பீரோ, அண்டா, கிரைண்டர் என்று எல்லாம் பெரியப்பா பார்த்து வாங்கியவை. என்ன நிறம், என்ன அளவு என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகக் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று, இரண்டு கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர். அதற்கு ஒரு சின்ன சூட்கேஸ் நிறையக் கேசட்டுகள். கடையில் விற்கிற கேசட்டுகள் இல்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்போது கேசட் பதிந்து கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. நமக்குப் பிடித்த பாட்டுகளைச் சொன்னால், வெறும் கேசட்டில் சொன்ன வரிசைப்படி பதிந்து தருவார்கள். துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

"வெச்சுட்டுப் போங்க அம்மிணி, நாளைக்கு வந்து வாங்கிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"பரவால்லீங்க. உக்காந்திருக்கறேன்."

கேசட் ஓடுகிற நேரம் முழுக்க ஓடினால்தான் பதியும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள். நான் டீ குடித்தேன், பஸ் ஸ்டாண்டைச் சுற்றினேன், வந்து பார்த்தேன், மறுபடியும் டீ குடித்தேன். ஒரு பாட்டு முடிந்ததும், அடுத்து நினைத்தது வேண்டாம் வேறு போடுங்கள் என்பாள். சோகப் பாட்டுக்குப் பிறகு உடனே குத்துப் பாட்டு வரக் கூடாது, நடுவில் ஒன்று வேண்டும் என்று அவருக்கே வகுப்பு எடுத்தாள். அந்த ஆள் பொறுமைசாலி. நானாக இருந்திருந்தால் கடையைச் சாத்தியிருப்பேன். இப்படிப் பல தடவை போய்த்தான் அந்தச் சூட்கேஸ் நிறைந்தது.

கல்யாணப் பந்தலில் சீர்ப் பொருள்களைச் சபை நடுவில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கேட்டுக்கொள்வார்கள். கூப்பிட்டவர் அவளுடைய தாய்மாமன். "கட்டிலு ஒண்ணு. பீரோ ஒண்ணு. டேப்பு ஒண்ணு. கேசட்டுப் பொட்டி ஒண்ணு." கேசட்டுப் பெட்டிக்குக் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

அவள் போன இடம் தனித் தோட்டம். சுற்றிலும் கரும்பும் மக்காச்சோளமும். பக்கத்து வீடென்றால் ஒரு வெள்ளாமைக் காடு தாண்டிப் போக வேண்டும். புருசன் சந்தைக்கும் ஆலைக்கும் போய்விடுவான். மாமியார் பேசுவதை மாட்டிடம் பேசுவார். காலையில் டேப்பைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவாள் அக்கா. ஒரு பக்கம் முடிந்து டக்கென்று பொத்தான் மேலே எழும் சத்தம் மாட்டுக் கட்டுத்தரை வரைக்கும் அவளுக்குக் கேட்கும். சாணிக் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து திருப்பிப் போடுவாள். நான் பார்த்திருக்கிறேன். வேறு எதற்கும் அவள் அப்படி ஓடியதில்லை.

அவள் புருசனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், அது அவனிடம் இல்லை. அம்மா சொன்னால் செய்வான். கடையில் புதிதாக எதையாவது பார்த்தால் வாங்குவான். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு நாள் தண்ணீர்ப் பாட்டில் உயரத்தில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்தான். அவளுடைய கேசட்டில் இருந்த பாட்டுகளை எல்லாம் கடையில் சொல்லி ஒரு பென் டிரைவில் ஏற்றி, தன் போனிலும் ஏற்றிக்கொண்டான். கேசட்டுப் பெட்டியைக் கறையான் அரிக்கிறது என்று சொல்லி மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய் வைத்தான்.

அதற்குப் பிறகு நான் ஒரு தடவை போனபோது அலமாரியில் அந்த ஸ்பீக்கர் சும்மா நின்றது. வீடு அமைதியாக இருந்தது.

"என்னக்கா, பாட்டுச் சத்தத்தையே காணோம்?"

"பாட்டு சந்தைக்குப் போயிருக்குது."

எனக்குப் புரியவில்லை.

"அவரு போனுலதான் பாட்டு இருக்குது. அவரு ஊட்டுல இருந்தாப் பாடும். அவரு போனாப் பாட்டும் கூடப் போயிரும். சாயங்காலம் வரும், கேட்டுட்டுப் போ."

"பென் டிரைவு இருக்குதில்ல?"

"அதச் சொருகறதுக்கு அந்த ஸ்பீக்கருலயும் ஓட்டை இல்ல, என்ற டேப்புல எங்க இருக்குது?"

"நீயும் ஒரு நல்ல போனு வாங்கிக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். காட்டுல இருக்கறவளுக்கு யாரு போன் பண்ணப் போறாங்கன்னு அத்தை கேக்கறாங்க."

கேசட்டுப் பெட்டியைக் கொண்டு வந்து தரச் சொல்லி அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மோட்டார் ரூமில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்பான். சாவியும் அவனிடம்தான். "பாட்டுத்தான் இதுல இருக்குதே, க்ளியரா வேற கேக்குது, அந்தக் கொர்ருக் கொர்ருச் சத்தத்த எதுக்குத் தேடற?" என்பான். சத்தத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. பழைய கேசட் கொர்ரென்றுதான் கேட்கும்.

குழந்தை இல்லை என்று ஆரம்பித்தார்கள். இவள் எல்லா டாக்டரிடமும் போனாள். அவன் ஒரு டாக்டரிடமும் போகவில்லை. போகச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. கடைசியில், இன்னொருத்தியைக் கட்டுவதென்றால் நியாயமாக முறித்துக்கொண்டு கட்டட்டும் என்று அவளே சொல்லிவிட்டு அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோர்ட்டில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாகப் பேச்சாயிற்று. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கோர்ட் மட்டும் போதாது. சபையில் பெண் வீட்டுச் சீர் திரும்ப வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் தாலி திரும்பப் போக வேண்டும். அந்தத் தாலி திரும்பாமல் அவனுக்கு வேறு எவரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

சீரை ஏற்றி வர என் வண்டியைத்தான் கேட்டார்கள். சின்ன லோடு வண்டி. பெரியப்பா, தாய்மாமன், அக்கா, நான். தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்பும்போது மக்காச்சோளக் காட்டின் மேலே ஏதோ பளபளவென்று ஓடிற்று. காற்றில் விர்ரென்று ஒரு சத்தம். மயிலை விரட்ட எதையோ கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். புருசன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சேந்தமங்கலத்துப் பக்கம் பெண் பேசி முடித்தாயிற்றாம். இங்கே முடித்ததும் மத்தியானமே அங்கே போய் வெற்றிலை மாற்றப் போகிறார்களாம். அதை மறைக்கக்கூட இல்லை. வாசலில் கார் தயாராக நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கட்டில் வந்தது. பீரோ வந்தது. அண்டா, கிரைண்டர், டேப் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் அவர்கள் தொட்டுக் காட்ட, தாய்மாமன் தலையாட்ட, நான் வண்டியில் ஏற்றினேன். அக்கா ஓரமாக நின்றாள். அவளிடம் யாரும் எதையும் காட்டவில்லை.

"எல்லாம் ஏத்தியாச்சுங்களா? அப்ப அந்தத் தாலிய வாங்கிக் குடுத்துருங்க" என்றார் பெரியவர்.

தாய்மாமன் அவளிடம் கையை நீட்டினார். மஞ்சள் துணியில் சுற்றி அவள் கையிலேயே வைத்திருந்தாள்.

"கேசட்டுப் பொட்டி?" என்றாள்.

புருசன் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தாய்மாமன் கையில் வைத்தான். "எல்லாப் பாட்டும் இதுல இருக்குதுங்க மாமா. ஒண்ணு விடல. அதுல இல்லாததும் சேத்திப் போட்டிருக்கறேன்."

தாய்மாமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டிக்கு வந்து டேப்பின் நாலு பக்கமும் பார்த்தார். "இத எங்குட்டுச் சொருகறது?" என்று என்னைக் கேட்டார். நான் சாமான் கட்டிய கயிற்றை இழுத்து இறுக்கினேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

"பொட்டி எங்கீங்க?" என்று அக்கா மறுபடியும் கேட்டாள்.

பெரியவர் சிரித்தார். "பாட்டுத்தான அம்மிணி? பாட்டு எங்க போகுது? இப்பெல்லாம் பாட்டு ஆகாசத்துலயே இருக்குதாமா. எப்ப வேணுமோ எறக்கிக் கேட்டுக்கலாம். ஒரு பழைய பொட்டிக்குப் போயி நேரத்தக் கடத்தாத சாமி."

"செரிங்க. அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. இந்தத் தாலிய என்ற தம்பி போனுல போட்டோ புடிச்சு அவருக்கு வாட்சப்புல அனுப்பறேன். எல்லாப் பக்கமும் க்ளியராத் தெரியும். அதையே புதுப் பொண்ணு கழுத்துல கட்டிக்கச் சொல்லுங்க."

அவர்கள் பக்கத்திலேயே பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் குபுக்கென்று சிரித்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாயப் பாருங்க! இந்த வாய்க்குத்தான்..." என்று மாமியார் எழுந்தார்.

"வாய வுடுங்க அத்தை. சபையில கூப்புட்டாங்க, கேசட்டுப் பொட்டி ஒண்ணுன்னு. நீங்களும் கேட்டீங்க. அது எங்க?"

அவன் வாசல் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மாமியாரே வெடித்தார். "காட்டுல கட்டியிருக்குது! மயிலு ஒரு கதிர உடறதில்ல. அந்த நாடா காத்துல கத்துனா மயிலு அண்டாதுன்னு நாந்தான் உருவிக் கட்டச் சொன்னேன். சும்மா கெடந்ததுதான?"

நாங்கள் எல்லோரும் எழுந்து காட்டுக்குப் போனோம். குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கேசட் நாடாவை முறுக்கி இழுத்துக் கட்டியிருந்தார்கள். காடு முழுக்க. வெயிலில் மின்னிக்கொண்டு, காற்று வரும்போதெல்லாம் விர்ரென்று அதிர்ந்தது. நாமக்கல் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாகப் பதிந்த நாடா. மேல்கூடுகளை எரித்துவிட்டார்களாம். சூட்கேஸில் கோழி அடை வைத்திருந்தார்கள்.

அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"சுருட்டிக் குடுங்க" என்றாள் புருசனைப் பார்த்து.

"அது இனிப் பாடாது."

"பாடுதா இல்லையான்னு நான் கேக்கல. என்ற பொருள். கையில குடுங்க."

"ஆள உட்டு எடுக்கச் சொல்றேன்..."

"ஆளுக்கா நான் கழுத்த நீட்டுனேன்?"

பெரியவர் இப்போது சிரிக்கவில்லை. தாலி அவள் கையில் இருந்தது. கார் வாசலில் நின்றது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினான்.

மக்காச்சோளத் தோகை கையில் பட்டால் அறுக்கும். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஒரு குச்சியில் அவிழ்த்தால் அடுத்த குச்சியில் நாடா அறுந்தது. குனிந்து தேடி எடுத்தான். அவிழ்த்தான், சுற்றினான், சிக்கலாக்கினான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சேந்தமங்கலத்துக்காரர்கள். எடுக்கக் கை சும்மா இல்லை. பெரியவர்கள் நிழல் இல்லாமல் வரப்பில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வண்டிக்கும் காட்டுக்கும் நடந்தேன். அவள் மட்டும் அசையவில்லை. பந்தல் துணியை அவிழ்த்த அந்த மேடையில் நின்ற மாதிரியே நின்றாள். ஒரு கட்டத்தில் எனக்கே அவள்மேல் பயம் வந்தது. போதும் அக்கா, போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவன் வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. முன்னங்கை முழுக்கக் கீறல். இரண்டு கையிலும் அணைத்தபடி ஒரு கரும் பழுப்புக் குவியல், குருவிக்கூடு மாதிரி. மாமியார் உரச்சாக்கு ஒன்றை நீட்டினார். அக்கா அதை வாங்காமல், மஞ்சள் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவன் குவியலை அவள் கையில் வைத்தான். அவன் உள்ளங்கை பழுப்பாகக் கறைபட்டிருந்தது.

அவள் குவியலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மஞ்சள் துணியை எடுத்து அவிழ்த்தாள். தாய்மாமன் கையை நீட்டினார். அந்தக் கையைத் தாண்டிப் போய், புருசனின் கறைபட்ட உள்ளங்கையில் தாலியை வைத்தாள்.

"எண்ணிப் பாத்துக்கங்க. குண்டுமணி கொறையாது" என்றாள்.

பெரியப்பாவும் தாய்மாமனும் பின்னால், சாமான்களோடு ஏறிக்கொண்டார்கள். அக்கா முன்னால் என் பக்கத்தில். வண்டியைக் கிளப்பியதும் என் போன் வண்டி ஸ்பீக்கரோடு தானாகச் சேர்ந்து, பாதியில் விட்டிருந்த பாட்டு சத்தமாக ஆரம்பித்துவிட்டது. பதறிக்கொண்டு நிறுத்தப் போனேன்.

"உடு. ஓடட்டும்" என்றாள்.

பாலப்பட்டி தாண்டும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். தலைகூட லேசாக ஆடியது. "நெம்ப க்ளியராத்தான் இருக்குது" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அப்பறம் எதுக்குக்கா அத்தன பேரையும் வெயில்ல நிக்க வெச்ச? அந்த நாடாவுல இனி ஒரு பாட்டு வருமா? அத வெச்சு என்ன பண்ணுவ?"

மடியில் இருந்த குவியலில் ஒட்டியிருந்த சோளத் தோகையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"எங்கப்பன் காட்டுலயும் மயிலு கடலக்காயத் திங்குது தம்பி" என்றாள். "கட்டோணும்."